பங்காளி வீட்டு டவர்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் வைத்திலிங்கத்தின் வயிற்றெரிச்சலைப் பார்ப்போம்.

பங்காளி சபாபதியின் களத்தில் பழைய செல்போன் டவர். அதற்கான புதுக் கேபிள் வைத்திலிங்கம் தோப்பு வழியாகத்தான் போகணும். மனிதர் குறுக்கே நின்றார்.

"எனக்கு சிக்னல் கொட்டணும். அவனுக்கு ஒரு சொட்டு விழக்கூடாது. முடியுமா?"

கேபிள் போட வந்த இன்ஜினியர் கெஞ்சிப் பார்த்தார். வேலை நின்றால் ஊர் இன்னும் சிக்னலுக்காக மொட்டைமாடி ஏறித்தான் பேசணும்.

குழிவெட்டும் பூவாயி முன்னே வந்தாள். "முடியுமுங்க. உங்க தென்னையப் பாருங்க, நிழலு மரத்தடியிலயா விழுது? டவரும் அப்படித்தானுங்க, சிக்னல் அடியில விழாது, தள்ளி உங்க பக்கம்தான் விழும்."

காலை வெயிலில் நிழல் வரப்பு தாண்டிக் கிடந்தது.

"அப்ப வெட்டு புள்ள!"

கேபிள் போட்ட மறுநாள், உச்சிவெயிலில் வைத்திலிங்கத்தின் போன் அடித்தது.

"அண்ணே, நான் சபாபதி பேசறேன்! டவருக்கு அடியிலதான் நிக்கறேன். கணீர்னு கேக்குதா?"

வைத்திலிங்கம் தென்னையைப் பார்த்தார். நிழல் மரத்தடியிலேயே சுருண்டு கிடந்தது.

"அடியே பூவாயி!"