பாருக்குப் போகாத படகுகள்

கடற்கோட்டை ராஜா சேந்தனுக்கு மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. அந்த ஊர்க் கடலுக்கு அடியில் ஒரு பாறைத் திட்டு உண்டு. மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். மீன் குஞ்சு பொரிப்பதெல்லாம் அங்கேதான். பெரிய படகுகள் அதை வலைபோட்டு வழித்தெடுத்தன. "இனி எவனும் பாருக்குப் போகக் கூடாது" என்று ராஜா தண்டோரா போட்டார்.

போட்டால் ஆயிற்றா? பார்க்க ஆள் வேண்டாமா? துறை அதிகாரி அம்பலவாணர் பத்துக் கண்காணிகளை வைத்தார். படகோ நூறு. தினம் பத்துப் படகில் ஆளுக்கொன்றாக ஏறிப் போவார்கள்.

வருஷம் முடிந்தது. அம்பலவாணர் சபையில் ஓலையை விரித்தார்.

"மகாராஜா, கண்காணி ஏறிய படகு ஒன்றுகூடப் பார் பக்கம் போகவில்லை. எல்லோரும் யோக்கியர்கள்."

"பிறகு ஏனய்யா பாரில் மீன் குறைகிறது?"

"கட்டுமரக்காரர்கள்தான் பிரபு. தூண்டிலும் கையுமாக அலைகிறார்கள். அவர்கள் மரங்களைப் பறித்துவிட்டால் சரியாகிவிடும்."

தென்னந்தோப்பைக் காலி செய்தது எறும்பு என்றானாம் ஒருவன். அந்தக் கதைதான். சொல்லிவிட்டு மனுஷன் சபையிலேயே ஏப்பமும் விட்டார்.

சபையில் வயிரவன் என்றொரு விகடன். கரையில் மீன் ஏலம் கூவி, அடியும் வாங்கி, பேரம் பேசியே அரண்மனை வரை ஏறி வந்தவன். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கட்டுமரக்காரர் முந்நூறு குடும்பத்து அடுப்பை அணைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மீதித் தொண்ணூறு படகு எங்கே போச்சு?"

அம்பலவாணர் சிரித்தார். "யாரும் பார்க்காத படகு எங்கே போனதென்று யாருக்கய்யா தெரியும்? நீர் ஏறிப் பார்த்தால், அதுவும் பார்த்த படகாகிவிடுமே."

சபையும் சிரித்தது. ராஜா சொன்னார்: "வயிரவா, வெள்ளிக்கிழமை வரை தவணை. பார்க்காத படகு எங்கே போகிறது என்று, படகில் ஏறாமலே பார்த்துச் சொல். இல்லையென்றால் கட்டுமரங்கள் போய்விடும்."

வெள்ளிக்கிழமை வயிரவன் இரண்டு கூடையோடு வந்தான். சபை மூக்கைப் பொத்தியது.

"இரண்டும் ஒரே படகு மீன், மகாராஜா. கரையில் இறக்கும்போதே வாங்கினேன். புதன்கிழமை கண்காணி ஏறினார்." முதல் கூடையைக் கவிழ்த்தான். விரல் நீளத்துக்குக் காரல் பொடி, சேற்றுத் தரையில் மேயும் மீன். "நேற்று ஏறவில்லை." இரண்டாவதைக் கவிழ்த்தான். தொடைப் பருமனில் கலவா. கூடவே வலையில் சிக்கிய பவளக்கல். "கலவா பாறை இடுக்கை விட்டு நகராத மீன்."

"வழி தவறிச் சேற்றுப் பக்கம் வந்திருக்கும்" என்றார் அம்பலவாணர்.

"வந்திருக்கும் ஐயா. கண்காணி இல்லாத நாளாகப் பார்த்து, பாறையையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கும்." வயிரவன் ராஜா பக்கம் திரும்பினான். "பார்த்தால் பாருக்குப் போவதில்லை மகாராஜா. பார்க்காவிட்டால் பாரைத் தவிர வேறெங்கும் போவதில்லை. ஓலையில் பொய் இல்லை. கண்காணி போன இடமெல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. கலவா போன இடம்தான் விட்டுப்போச்சு. அதிகாரி வீட்டுப் பின்வாசல்."

அம்பலவாணருக்கு ஏப்பம் நின்றுபோயிற்று.

ராஜா தலையைச் சொறிந்தார். "அதற்காக நூறு கண்காணிக்கு நான் எங்கே போவேன்?"

"ஒரே ஆள் போதும்."

"ஒருவன் எப்படி நூறு படகில் ஏறுவான்?"

"படகில் எதற்கு ஏறணும்? ஆளைப் பார்த்தால் படகு இடம் மாறும். பார் இடம் மாறுமா? அதன் மேலே ஒரு தெப்பத்தை நங்கூரம் பாய்ச்சி நிறுத்துங்கள். இத்தனை நாள் படகைப் பார்த்த அதிகாரி ஐயா இனி அதில் உட்கார்ந்து பாரைப் பார்க்கட்டும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டுமரங்கள் தப்பின. ராஜாவின் முத்துமாலை வயிரவன் கழுத்துக்கு வந்தது.

அம்பலவாணர் கைகூப்பினார். "பிரபு, எனக்கு அலை ஒத்துக்கொள்ளாது. குமட்டும்."

"நல்லதாப் போச்சு ஐயா" என்றான் வயிரவன். "தின்ற கலவாவைப் பாருக்கே திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும்."