பெருமை பேசி உயிர் காத்த மருதையனார்

மலைமேல் ஓர் இராணுவப் பயிற்சி முகாம். அங்கே காசநோய் விடுதியில் சளிக் கோப்பை கழுவுவது மருதையனாரின் பிழைப்பு. விடிந்ததும் குளிரைப் பாராமல் சன்னல்களைத் திறந்துவிடுவார். முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு கோப்பைகளைக் கழுவுவார். நோயுற்ற சிப்பாய்ப் பிள்ளைகள் கையில் "முருகா" என்று சொல்லி மாத்திரையை வைத்து, விழுங்கும்வரை நகரமாட்டார். அதன்பின் குளித்து, மைதானத்து ஓரத்தில் இருந்த முருகன் கோயிலுக்குப் போய் வெளியே நின்றே கும்பிடுவார். அவர் அறிந்த பூசை அவ்வளவுதான்.

குணமாகிப் பயிற்சி முடித்த பிள்ளைகள் முதலில் அவர் காலில் விழுந்தார்கள். ஹவில்தார் சிங்காரத்துக்கு அது பொறுக்கவில்லை. வெயிலிலும் மழையிலும் நின்று சிப்பாய்களை உருவாக்கியவர் அவர். கும்பிடு போனதோ கோப்பை கழுவுகிறவனுக்கு. வயிறு எரியாதா? கார்த்திகைத் திருநாளில் பல்லக்கின் முன்தண்டைத் தாங்கும் பெருமை சிங்காரத்துடையது. பிள்ளைகள் மருதையனாரையும் தோள் கொடுக்க அழைத்தபோது சிங்காரம் குறுக்கே நின்றார்.

"இவன் சாமியத் தொட்டா முகாம் மொத்தமும் இருமும். கோயில் பக்கமே வரக்கூடாது."

மருதையனார் விடுதிக்குத் திரும்பினார். விடுதிச் சன்னலில் நின்று கோபுரத்தைக் கும்பிட்டார். கும்பிடும்போது அழுதார்.

இருமலைச் சோம்பேறியின் சாக்கு என்று திட்டுவது சிங்காரத்தின் வழக்கம். ஆகவே பிள்ளைகள் இருமலை மறைத்தார்கள். மறைத்த நோய் பரவி அவரையும் பிடித்தது. மருந்து தின்றார், இருமல் தணிந்ததும் மாத்திரையைத் தூக்கி எறிந்தார். அடித்துக் கொல்லாமல் விட்ட பாம்பாக நோய் திரும்பி வந்தது. பழைய மருந்துக்கு அது மசியவில்லை.

புது மருந்து பொல்லாதது. குமட்டும், தலை சுற்றும், மாதக்கணக்கில் தின்ன வேண்டும். விடுதிக்கு வந்த சிங்காரம் மாத்திரையைத் துப்பினார்.

"உன் கையால தின்னு பொழைக்கிறதுக்குச் செத்துப்போறேன்."

சுற்றிலும் கட்டில்களில் அவரிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி தந்த உஸ்தாதே துப்பினால் அவர்களும் துப்புவார்கள். அத்தனை உயிரும் போகும். மருதையனார் கெஞ்சினார், டாக்டரைவிட்டுச் சொல்லவைத்தார், பட்டினி கிடந்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு காலையில், தம் நாவில் என்றுமே வராத பேச்சைப் பேசினார்.

"வேணாம்னா விடுங்க ஐயா. வர்ற கார்த்திகைக்கு முன்தண்டு எனக்குத்தான். உங்களவிட என்னைத்தான் முருகனுக்குப் பிடிக்கும்."

சிங்காரத்தின் கண் சிவந்தது. "உனக்கா? குடுறா அதை" என்று பிடுங்கி விழுங்கினார். பிள்ளைகளும் விழுங்கினார்கள்.

அன்றுமுதல் தினமும் பெருமையடிப்பது மருதையனாரின் தொண்டாயிற்று. பணிவே வடிவானவருக்கு அதைவிடக் கடிய நோன்பு ஏது? பேசி முடித்ததும் சன்னலோரம் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவர் கையால் மாத்திரை தின்ற பிள்ளைகளே, "மனுசனுக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு" என்று முகம் திருப்பினார்கள். அதையும் தாங்கினார்.

அடுத்த கார்த்திகைக்குள் சிங்காரத்தின் சளியில் கிருமி இல்லை என்றார் டாக்டர். மாத்திரை மட்டும் இன்னும் பாக்கி இருந்தது. முன்தண்டைத் தோளில் ஏற்றி, மருதையனார் பார்க்கட்டும் என்றே விடுதி வழியாகப் பல்லக்கைத் திருப்பினார் சிங்காரம்.

வாசலுக்கு வந்ததும் பல்லக்கு நின்றது. அப்படி ஒரு கனம். அதட்டினார், தோள் மாற்றினார். ஓர் அடி நகரவில்லை. "சுவாமி யாருக்கோ காத்திண்டிருக்கார்" என்றார் குருக்கள்.

உள்ளே மருதையனார் கை கூப்பி வேண்டிக்கொண்டிருந்தார். "நான் பேசினது அத்தனையும் பொய்யி முருகா. அவரு மருந்து தின்னணுமேன்னு சொன்னேன். அவரு மானத்த வாங்காத. நகந்து போயிரு."

சன்னல் திறந்தே இருந்தது. சிங்காரத்தின் காதில் அத்தனையும் விழுந்தது. அவர் கண் நிறைந்தது. பொறாமை மட்டும் அப்போதும் போகவில்லை.

"நீ சொன்னது பொய்யில்ல. உன்னைத்தான் அவருக்குப் பிடிச்சிருக்கு. வந்து முன்தண்டப் புடி," என்று விலகி இடம் விட்டார். "நாளைக்கும் மாத்திரையோட வந்து ஏதாச்சும் பெருமை பேசு. அதில்லாம எனக்கு எறங்காது."

மருதையனார் தோள் கொடுத்தார். பல்லக்கு பூவாக எழுந்தது. பிறர் உயிருக்காகத் தம் பணிவையும் காணிக்கையாகத் தந்த அப்பெருமானின் பெயரை நாமும் ஒருமுறை சொல்லி வணங்குவோம்.