சேங்கொட்டைப் பொட்டு

அந்தக் காலத்தில் மான் பேசும், மரம் பேசும். தாய் வயிற்றுக்குள் இருந்து குட்டியின் உடம்பைக் கட்டுகிற பொடி ஜனங்களும் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேச்சு வெளியில் யாருக்கும் கேட்காது. ஆனால் தாய் பேசினால் அவர்களுக்குக் கேட்கும்.

அந்த ஜனங்களில் பூவாத்தா என்று ஒரு வெளுப்புக்காரி இருந்தாள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். மலையில் மேய்ந்த கரிச்சி என்ற கடமானின் வயிற்றில்தான் அவளுக்கு வேலை. அங்கே நடுவில் ஒரு பெரிய வீடு, வீட்டுக்குள் நாச்சியார். கண் எப்படி, குளம்பு எப்படி, தோல் எப்படி என்று குட்டியின் சங்கதி அத்தனையும் நாச்சியாருக்கு மனப்பாடம். ஆனால் அவள் வாசற்படி தாண்டமாட்டாள். சொல்ல வேண்டியதை ஒரு தூதன் காதில் சொல்லி அனுப்புவாள். அவன் அதையே முணுமுணுத்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்கு ஓடுவான். தூதனுக்கு ஆயுசு கம்மி. வழியில் கொஞ்சம் தாமதித்தாலும் உப்பு மாதிரி கரைந்துபோவான்.

தூதர்களைக் குளிப்பாட்டி, வெளுத்த துணி உடுத்தி வாசலுக்கு வெளியே அனுப்புவது பூவாத்தாவின் பொறுப்பு. நாச்சியார் அவளுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தாள். "என் சொல்லில் ஓர் எழுத்து மாறினாலும் உன்னையும் கரைத்துவிடுவேன்."

கரிச்சி அதற்குமுன் இரண்டு குட்டி ஈன்றிருந்தாள். இரண்டும் ஒரு முடிகூட இல்லாமல் பிறந்தன. மலைப்பனியில் விறைத்துச் செத்தன. மூன்றாவது தடவை சினையானபோது அவள் ஒருநாள் கழுத்தை வளைத்துத் தன் வயிற்றோடு பேசினாள்.

"உள்ள இருக்கற சாமிகளா, அழகான குட்டி வேணும்னு நான் கேக்கலீங்க. இதுக்காவது மேலுக்கு முடி வெச்சு அனுப்புங்க. இன்னொண்ணையும் பனிக்குக் குடுத்துட்டு நான் எப்படிங்க நடமாடுவேன்?"

பூவாத்தாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஈரக் கையோடு தோல் கட்டும் கொத்தனார் வேம்பனிடம் ஓடினாள்.

"ஏனுங்க கொத்தனாரே, முடி நடச் சொல்ற தூதனை நானேதான் குளிப்பாட்டி அனுப்பறேன். நீங்க ஏன் நடமாட்டேங்கறீங்க?"

"வந்தாத்தான நடறதுக்கு?" வேம்பன் கரணையைக் கீழே வைத்தார். "'தோலைப் பரப்பு, பரப்பு'ன்னு கூட்டம் கூட்டமா வர்றானுக அம்மிணி. 'குழி தோண்டி முடி நடு'ங்கறவன் எப்பவாச்சும் ஒருத்தன். அத்தனை பேரும் ஒரே வெள்ளை உடுப்பு. எவனை முன்னால கூப்பிடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவன் முறை வர்றதுக்குள்ள அவன் கரைஞ்சே போயிடறான்."

பூவாத்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. யாரையும் வித்தியாசம் தெரியாதபடி வெளுத்து அனுப்புவதில்தான் அவளுக்கு அத்தனை பெருமை. அந்த வெளுப்பே இரண்டு குட்டிகளைக் கொன்றிருக்கிறது.

நாலு வீட்டு வேட்டியும் கலந்துவிடாமல் இருக்க, வெளுப்பவர்கள் துணியின் ஓரத்தில் சேங்கொட்டைப் பாலால் ஒரு கறுப்புக் குறி வைப்பார்கள். எத்தனை துவைத்தாலும் அது போகாது. பூவாத்தா அந்தக் கொட்டையைத்தான் எடுத்தாள். "கொத்தனாரே, முடி நடச் சொல்றவன் துணி ஓரத்துல ஒரு பொட்டு வெச்சு அனுப்பறேன். பொட்டு இருக்கறவனை முதல்ல கூப்பிடுங்க."

"நாச்சியாருக்குத் தெரிஞ்சா உன்னையக் கரைச்சிருவாங்க."

"கரைக்கட்டுமுங்க."

மறுநாள் மூக்கு நுனியில் வேலை ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் வேம்பன் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "என்ன அம்மிணி பண்ணி வெச்சிருக்க? வர்றவன் அத்தனை பேரும் பொட்டோட வர்றானே! எல்லாரும் நான்தான் முதல்லன்னு ஏறி விழுந்துட்டானுக. மூக்கு நுனி பூரா மொழுமொழுன்னு மூடிப்போச்சு. இனி அங்க குழி தோண்ட முடியாது!"

பூவாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஒருவனுக்குச் செய்வதை எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்து பழகிய கை அது. கொட்டையைத் தொட்டதும் பழைய வழக்கப்படி எல்லாவற்றிலும் தானாக வைத்துவிட்டது.

"இன்னும் முதுகு இருக்கு, வயிறு இருக்கு, காது இருக்கு" என்றாள். "இந்தக் கையை நான் அடக்கறேன். நீங்க போங்க."

அடக்கினாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்பேன். பொட்டு வைக்க யாருக்கும் வரும். வைக்காமல் விடுவதற்கு அல்லவா நெஞ்சுரம் வேண்டும். பரப்பச் சொல்கிற தூதன் ஒவ்வொருவனையும் குறியில்லாமல் அனுப்பும்போது, துவைக்காத துணியைக் கொடுத்தனுப்புவதுபோல அவளுக்குக் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினாள். முடி நடச் சொல்கிறவன் வந்தால் மட்டும் ஒரு பொட்டு. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனான். வேம்பன் குழி தோண்டினார். முதுகில் முடி எழுந்தது.

விஷயம் நாச்சியாருக்கு எட்டியது. "என் சொல்லில் கை வைத்தாயா?" என்று உள்ளிருந்து சீறினாள்.

பூவாத்தா, பொட்டு வைத்த ஒருவனை வாசலில் நிறுத்தினாள். "நீங்களே கேட்டுப் பாருங்க."

"குழி தோண்டி முடி நடு" என்றான் அவன். நாச்சியார் திரும்பச் சொல்லச் சொன்னாள். ஓர் எழுத்தும் மாறவில்லை.

"சொல்லு உங்களுதுதானுங்க" என்றாள் பூவாத்தா. "அது கரையறதுக்கு முன்னால கொத்தனார் காதுல விழணும்னுதான் பொட்டு வெச்சேன்."

நாச்சியார் உடைந்த குரலில் பேசினாள். "அப்படியென்றால் அந்த இரண்டு குட்டிகளுக்கும் நான் சொன்னது யார் காதிலும் விழவே இல்லையா? பூவாத்தா, நீ வை. எவனுக்கு வைப்பது என்பதையும் நீயே பார்த்துக்கொள்."

குட்டி பிறந்த காலையில் எதிரில் நிற்பது தெரியாத பனிமூட்டம். கரிச்சி பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் நாக்கை நீட்டினாள். நாக்கில் அடர்ந்த முடி பட்டது. முதுகை நக்கினாள், வயிற்றை நக்கினாள், காதை நக்கினாள். எங்கு நக்கினாலும் முடி. தடுமாறி எழுந்த குட்டி, பனிக்குள் தாயைக் காணாமல், முடியில்லாத ஈர மூக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து மடியைக் கண்டுபிடித்தது.

கரிச்சி அழுதுகொண்டே சிரித்தாள். "மூக்கை மட்டும் விட்டுட்டீங்களா? அதுவும் நல்லதுக்குத்தான் சாமி. அதை வெச்சுத்தான் என்னையத் தேடி வந்துச்சு."

சுனையில் தண்ணீர் குடிக்க வந்த தாய்கள் எல்லாம் கரிச்சியிடம் கேட்டுக்கொண்டு போய், அதே மாதிரி குட்டி வேண்டுமென்று தங்கள் தங்கள் வயிற்றோடு பேசினார்கள். அன்று முதல்தான் மானும் மாடும் நாயும் உடம்பெல்லாம் முடியோடும், மூக்கு நுனியில் மட்டும் முடியில்லாமலும் பிறக்கின்றன. பிறந்த குட்டியை எந்தத் தாயும் முதலில் நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.