கோப்பையில் இருந்த புளிப்பு

புதுச்சேரியில் கடலைப் பார்த்த ஓர் உணவகம். அங்கே தலைமைச் சமையல்காரி பெலிசித்தா. வயது முப்பத்து நாலு. முப்பது வருஷம் ஊர்ச் சமையல் செய்துவிட்டு அவளிடம் இந்தத் தொழில் கற்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு. விருந்தாளிகள் அவரைத்தான் குரு என்று நினைத்துக் கைகொடுப்பார்கள். அவள் திருத்துவதில்லை. அவர் ஒவ்வொரு முறையும் திருத்துவார்.

பெலிசித்தா அடுத்த மாதம் ஊரை விட்டுப் போகிறாள். சனிக்கிழமை விருந்தைத் தணிகாசலம் தனியாகச் சமைக்க வேண்டும். அது சரியாக வந்தால் அடுப்படி அவருக்கு. இல்லையென்றால் வெளியூரிலிருந்து வேறு ஆள்.

விருந்துக்குக் கொடுவா மீன். தக்காளி, பூண்டு, ஆலிவ் காய் சேர்த்து, மேலே ஆலிவ் எண்ணெய் விட்டு ஓவனில் வேகவைப்பது. கூடவே குளிர்ந்த வெள்ளை ஒயின்.

அவள் செய்து காட்டிய மீனைத் தணிகாசலம் வாயில் வைத்துப் பார்த்தார். புளிப்பே இல்லை என்றார். வெள்ளைக்காரன் தின்கிறான் என்பதற்காக அரைகுறைச் சமையலை ஒப்புக்கொள்ள முடியாது என்றார். இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டால் சரியாகிவிடும், அதை ஏன் தடுக்கிறாள் என்று கேட்டார். விடாமல் மூன்று நாள் கேட்டார்.



நான்காம் நாள் மதியம் வேலையாட்களுக்கு அவர் சோறு வடித்து வத்தக்குழம்பு வைத்திருந்தார். பெலிசித்தா தட்டில் வெறும் சோற்றைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் தின்றாள். முகத்தைச் சுளித்தாள்.

“என்ன அண்ணே, சோத்துல உப்பில்ல, புளிப்பில்ல. முப்பது வருஷமா இப்படித்தான் சமைக்கிறீங்களா?”

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. “கொழம்ப ஊத்தாம வெறும் சோத்தத் தின்னுட்டுக் கொற சொன்னா எப்படி, செஃப்பம்மா?”

அவள் மீன் தட்டை அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் ஒயின் கோப்பையை வைத்தாள். அவ்வளவுதான்.

அவர் தட்டைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார்.  

பிறகு மெதுவாகச் சொன்னார். “கொழம்போட புளிப்பு எனக்குத் தெரியும். அதுக்குத் தக்கன சோறு வடிப்பேன். இந்த ஒயின நான் தொட்டதில்ல. தொடமாட்டேன்னு எங்கம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். குடிச்சாத்தான் இந்த வேலைன்னா, வேற ஆளப் பாருங்க.”

ஏப்ரனைக் கழற்றப் போனார்.

“ஊர்க் கோயிலுக்குப் படையல் பொங்குவீங்களே, ருசி பார்த்துட்டா படைப்பீங்க?”

“படைக்கிறதுக்கு முந்தியா? வாயில வைக்கலாமா அத?”

“பின்ன, உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“கொதிக்கிறப்பவே வாசன சொல்லிடும்.”

பெலிசித்தா கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“மோந்து பார்க்கக் கூடாதுன்னும் சத்தியத்துல இருக்கா, அண்ணே?”