ஆளுக்கொரு சாம்பார்ச் சட்டி

கோயமுத்தூரில் மகுடபதி என்றொரு முதலாளி, கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் விற்றுவந்தார். "உங்க கணக்கைப் போட்டு வைக்க உங்களுக்குன்னே தனி டேட்டாபேஸ், அடுத்தவர் நிழல்கூடப் படாது!" என்று ஊரெல்லாம் அளந்துவிட்டார். கடைகள் குவிந்தன. அத்தனை டேட்டாபேஸும் ஒரே சர்வர் கணினியில். அது மூச்சு வாங்கியது. ஒரு பில் வருவதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

புதிதாய் வேலைக்கு வந்த சுகந்தி, "எல்லாத்தையும் ஒரே டேட்டாபேஸில வெச்சு, கடைவாரியாப் பிரிச்சுக் காட்டலாம் சார்" என்றாள்.

"எனக்கே பாடமா? சேர்க்கவும் கூடாது, இன்னொரு சர்வரும் கிடையாது. வேகமா ஓட வை, இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு. ஞாயித்துக்கிழமை கடைக்காரங்களுக்கு விருந்து. அதையும் நீயே பாரு."

ஞாயிறன்று இலையில் சோறு விழுந்தது, சாம்பாரைக் காணோம். மகுடபதி சமையற்கட்டுக்குள் பாய்ந்தார், பசித்த கடைக்காரர்கள் பின்னாலேயே. அங்கே ஒரே அடுப்பு. தரையெங்கும் சின்னச் சட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடையின் பெயர். சமையல்காரர் ஒன்றை இறக்கி இன்னொன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். எதுவும் கொதித்தபாடில்லை. பக்கத்தில் நின்ற சுகந்தியிடம் மகுடபதி கத்தினார்.

"கிறுக்கா உனக்கு? ஒரே அண்டாவில வெச்சு அவங்கவங்க இலையில ஊத்த வேண்டியதுதானே!"

"அடுத்தவர் நிழல் படக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்?"

அரிசிமண்டிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு இலை தனியா இருந்தாப் போதும் மகுடபதி!"

மகுடபதி தலையைச் சொறிந்தார். "சரி, நாளைக்கே எல்லா டேட்டாபேஸையும் சேர்த்துத் தொலை. இப்ப சாம்பாருக்கு என்ன பண்றது?"

சுகந்தி பின்கதவைத் திறந்தாள். கொல்லையில் ஒரு பெரிய அண்டா நிறைய சாம்பார் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.