ஜோசியர் வீட்டுக் கம்ப்யூட்டர்

அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த செண்பகவல்லிக்கு ஒரே ஒரு சீடர். குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு அறுபது.

சீடர் பேச்சிமுத்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாபநாசத்தில் கிளம்பும் பஸ்ஸின் சத்தத்தை அம்பையில் உட்கார்ந்து கேட்டே, எந்தச் சக்கரத்தில் ஆணி ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஆணியின் நீளத்தையும் சொன்னார். அளந்து பார்த்தார்கள். அரை நூல் அளவு கூடுதலாக இருந்தது. வெயிலில் நீண்டிருக்கும் என்றார். அதுவும் சரிதான்.

விஜயதசமி காலையில் அவர் கேட்டார்: "குருவே, செத்த பெட்டின்னு ஒண்ணு வந்தா, மொதல்ல எங்க கை வைக்கணும்?"

செண்பகவல்லி பதில் சொல்ல வாயைத் திறக்கவும் போன் அடித்தது. அவள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திருப்புளிப் பையை எடுத்தாள்.

"வாங்க அண்ணாச்சி, பாப்போம்."

ஜோசியர் கோமதிநாயகத்தின் வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஜன்னலோரம் பெண்ணின் அப்பா தளவாய். எதிரே மாப்பிள்ளையின் அம்மா இசக்கியம்மாள், மடியில் கைப்பையோடு. நடுவில் கம்ப்யூட்டர், மாலை போட்டு, பொட்டு வைத்து, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. உயிர்தான் இல்லை.

"நேத்து ஆயுத பூஜைம்மா, தொடலை. முந்தாநாள் சாயங்காலம் நல்லா ஓடுச்சு" என்றார் ஜோசியர். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பொருத்தத் தாளைக் கையில குடுக்கணும்."

"கையால கணிக்கக் கூடாதா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பொண்ணோட ஜாதகமே இதுக்குள்ளதான் இருக்கு. காகிதத்தைக் கரையான் தின்னுட்டு."

மணி ஒன்பது ஐம்பது.

தளவாய் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இது நாலாவது இடம்."

பேச்சிமுத்துவுக்கு மனசு பொறுக்கவில்லை. யாரும் கேட்பதற்கு முன்பே பெட்டியின் மேல் காதை வைத்தார். பொத்தானை ஒரு தடவை அமுக்கினார். கண்ணை மூடினார். திறந்தார்.

"போர்டு போயிட்டு."

இசக்கியம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"நான் அப்பவே நெனச்சேன். நல்ல காரியம் பேச வந்த எடத்துல பெட்டியே கண்ணைத் தொறக்க மாட்டேங்கு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?"

"மதினி, மிசினுக்கு என்ன தெரியும்?" என்றார் தளவாய்.

"ஒம்பது வருசமா ஊருக்கே பொருத்தம் பாத்த மிசினு. அதுக்குத் தெரியாம ஒமக்கும் எனக்குமா தெரியும்?"

தளவாய் துண்டால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். ஜோசியர் தலையாட்டினார்; அவள் சொன்னது அவர் தொழிலுக்குப் பெருமையாகவும் இருந்தது.

செண்பகவல்லி பெட்டியைப் பார்த்தாள். அதன் சந்தனப் பொட்டை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டுச் சுவரோரம் போனாள்.

"தாத்தா, அந்த டேபிள் பேனை எடுத்துட்டு வாங்க" என்றாள் ஜோசியரிடம்.

கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதே ஓட்டையில் பேனைச் செருகினாள். பேன் ஓடியது. முதல் காற்று தளவாய்க்கு. அவருக்குத்தான் அது தேவைப்பட்டது.

"சுவத்துல கரண்ட் இருக்கு."

மானிட்டருக்குப் போகும் கரண்ட் ஒயரை உருவிப் பெட்டிக்குப் போட்டாள். எழவில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, குட்டி சுவிட்சைத் தடவிப் பார்த்தாள். பூஜைக்குத் துடைக்கும்போது பலர் அதை அணைத்துவிடுவதுண்டு. இங்கே போட்டபடிதான் இருந்தது.

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு.

"குருவே, போர்டுதான்னு நான் சொல்லுதேன்லா" என்று பேச்சிமுத்து காதோரம் முணுமுணுத்தார்.

"கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி. லைட்டைக் கொஞ்சம் பிடிங்க."

ஒயரைக் கழற்றி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தாள். முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய ஒயர்கள் போர்டில் செருகியிருந்தன. அவற்றை உருவினாள். இரண்டு ஊசிமுனை தெரிந்தது. மறுபடி கரண்டைக் கொடுத்து, திருப்புளியின் நுனியால் இரண்டு ஊசியையும் ஒரே நேரத்தில் மெல்லத் தொட்டாள்.

உள்ளே விசிறி சுழன்றது.

"உசுரு இருக்கு!" என்று ஜோசியர் எழுந்தே விட்டார்.

செண்பகவல்லி அதை அணைத்தாள்.

"ஏம்மா அணைச்சே? அப்படியே ஓடட்டுமே!"

"திருப்புளி வச்சு எழுப்புனது எழுந்ததாகாது தாத்தா. அஞ்சு நிமிசம் குடுங்க."

முன்பக்க மூடியைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஊக்கு ஒன்று கேட்டாள். இசக்கியம்மாள் தன்னை அறியாமல் புடவையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

பொத்தானைச் சுற்றி ஊக்கை ஓட்டியதும் மஞ்சளாய் ஒரு சில்லு பெயர்ந்தது. பிறகு இன்னொன்று. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஜோசியர் பெட்டியின் நெற்றி என்று நினைத்துப் பொத்தானின் மேலேயே சந்தனம் அப்பியிருக்கிறார். இந்த வருஷம் பக்தி கொஞ்சம் கூடுதல். இடுக்கு வழியே இறங்கி, பின்னால் போய், ஒரே நாளில் கல்லாகிவிட்டது. பெயர்த்த கட்டியை, இந்தக் கதை சொல்கிற நானும் பிறகு பார்த்தேன். மரத்தை அறுத்தால் தெரிகிற மாதிரி ஒன்பது வளையம் இருந்தது. நாலாவது வளையம் மட்டும் மெலிசு. அந்த வருஷம் சந்தனம் விலை ஏறிக் கிடந்தது.

மூடியை மாட்டி, ஒயர்களைச் சரியாகச் செருகினாள். பத்து மணி பத்து நிமிஷம்.

ஜோசியர் விரலை நீட்டிக்கொண்டு வந்தார். செண்பகவல்லி தடுத்தாள்.

"நீங்க வாங்கம்மா. நீங்க அமுக்குங்க."

"நானா?" என்றாள் இசக்கியம்மாள்.

"நீங்கதான்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். அமுக்கினாள். 'டக்'கென்று பொத்தான் உள்ளே போய் வந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"அப்போ இவ்வளவு நேரம் இது ஏன் மாட்டேன்னுச்சு?"

"மாட்டேங்கலைம்மா. யார் கூப்பிட்டதும் அதுக்குக் கேக்கவே இல்ல."

முதலில் சிரித்தவர் தளவாய். நாலு இடத்துக்கும் சேர்த்துச் சிரித்தார்.

பத்து இருபத்தைந்துக்குத் தாள் வந்தது. பத்துப் பொருத்தத்தில் எட்டு. இசக்கியம்மாள் அதை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"எட்டு போதும். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஆறுதான். முப்பத்தோரு வருசம் ஓடிட்டு."

குருவும் சீடரும் வாசலில் செருப்பு மாட்டும்போது ஜோசியர் நேற்றைய சுண்டலை ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்தார். தெருமுனைக்கு வந்ததும் பேச்சிமுத்து நின்றார்.

"குருவே, சுவத்துப் பக்கம் போறதுக்கு முன்னாலேயே ஒங்க கண்ணு அந்தச் சந்தனத்துல நின்னுச்சு. நான் பாத்தேன்."

"ஆமா அண்ணாச்சி."

"அப்பவே தெரிஞ்சுபோச்சுல்லா?"

"அப்படித்தான் தோணிச்சு."

"பொறவு எதுக்குச் சுவத்துல ஆரம்பிச்சு, ஒயரு, சுவிட்சுன்னு ஊரைச் சுத்தி வந்தீய? அந்த மனுசன் வேர்த்துக் கிடந்தாரே. அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

செண்பகவல்லி தூக்குச்சட்டியைத் திறந்து, அவர் உள்ளங்கையில் கொஞ்சம் சுண்டல் போட்டாள்.

"ஒரே வீட்டுல எத்தனை ஜோசியர்தான் இருக்க முடியும் அண்ணாச்சி?"