ஒடுங்கிய இலையும் ஊசியலகியும்

காட்டாற்று வெள்ளம் கரையோர மரங்களை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அங்கே வாழ்ந்த ஊசியலகி என்ற தையல்சிட்டு, தன் கணவன் துள்ளனோடு மலையின் மறுபக்கத்துப் பாறைச் சரிவுக்குக் குடிவந்தாள். முட்டையிட இன்னும் நான்கே நாட்கள். அதற்குள் கூடு தைத்தாக வேண்டும்.

ஊசியலகி கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கு ஒரு பிடிவாதம். அத்தி இலையில்தான் கூடு, அதுவும் ஒரே இலையில்! இலையைச் சுருட்டி, ஓரங்களை அலகால் துளைத்து, பஞ்சு இழையால் தைத்துவிடுவாள். "இலைக்கு இலை சேர்த்துத் தைப்பது வேலை தெரியாதவர்கள் செய்வது!" என்று பெருமையும் பேசுவாள்.

"இதோ அத்தி!" என்று கூவினான் துள்ளன்.

ஊசியலகி பார்த்தாள். இலைகள் மூங்கில் இலை போல ஒடுங்கிக் கிடந்தன.

"இதுவா அத்தி? நோஞ்சான் மரம்!"

கிளையில் இருந்த அணில் திரும்பிப் பார்த்தது. "பழத்தைத் தின்றுவிட்டுச் சொல்லம்மா!"

கொத்திப் பார்த்தாள். அதே ருசி.

"பழம் அத்திதான். இலைதான் பஞ்சத்தில் பிறந்திருக்கிறது."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!" என்று சிரித்தது அணில்.

ஊசியலகிக்குச் சுருக்கென்றது. விருட்டென்று பறந்துவிட்டாள்.

இரண்டு நாட்கள் சரிவெங்கும் தேடினாள். கடைசியில், நீர் கசியும் ஒரு பாறை இடுக்கில் இளம் அத்திக் கன்று ஒன்று கிடைத்தது. அதில் அகலமான இலை ஒன்று இருந்தது. மூன்றாம் நாள் காலையில் அதைத் தைத்து முடித்தாள்.

உச்சி வெயிலில் வறண்ட காற்று எழுந்தது. அகன்ற இலை வாடித் தொங்கியது. காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. தையல் துளைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. பஞ்செல்லாம் பறந்து போயிற்று.

"நாளைக்கு முட்டை! எங்கே வைப்பேன்?" என்று அழுதாள் ஊசியலகி.

அழுத கண்ணோடு அவள் மேலே பார்த்தாள். அதே காற்று முதலில் பார்த்த அத்தி மரத்திலும் வீசிக்கொண்டிருந்தது. ஒடுங்கிய இலைகளுக்கு நடுவே புகுந்து வெளியேறியது. ஓர் இலைகூடக் கிழியவில்லை, வாடவும் இல்லை. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நோஞ்சான் இல்லை" என்றாள் மெதுவாக. "இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் பிழைக்கத்தான் இலை ஒடுங்கியிருக்கிறது. கண்ணிருந்தும் நான் பார்க்கவில்லையே!"

"அப்படியென்றால் இலை சேர்த்துத் தைப்பாயா?" என்று கேட்டான் துள்ளன்.

"தைக்காமல்? போ, பஞ்சு கொண்டு வா!"

அந்த மரத்தின் ஒடுங்கிய இலைகள் மூன்றைச் சேர்த்தாள். பழக்கமில்லாத வேலை, முதல் தையல் கோணிப்போனது. வெட்கமாகத்தான் இருந்தது. பிரித்து, மறுபடி தைத்தாள். பொழுது சாய்வதற்குள் கூடு முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் முட்டையிட்டாள். உச்சி வெயிலில் மீண்டும் காற்று அடித்தது. ஊசியலகி முட்டையை அணைத்துக்கொண்டாள். கூடு ஆடியது, ஆனால் ஒரு தையலும் விடவில்லை.

ஒரே குலத்தில் பிறந்தாலும் அவரவர் வடிவம் அவரவர் வாழும் இடத்துக்குத் தக்கபடியே அமையும். நாம் பழகியதுபோல் இல்லை என்பதற்காக எதையும் குறை என்று தள்ளக் கூடாது.